பழைய டிவியில் டிஜிட்டல் ஒளிபரப்பு: வாசகர் கேள்வி – பதில்

ஆன்டெனா ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியதும், பழுதே இல்லாத பிக்சர் ட்யூப் டிவிகள் பலவும் துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்டுவிட்டன. அவற்றை மீண்டும் ஓட வைக்கும் கன்வெர்ட்டர் பாக்ஸ் பற்றி வந்த கடிதங்களுக்கே இந்தப் பகுதியை முழுதாக ஒதுக்கியிருக்கிறோம். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 21 அங்குல பிக்சர் ட்யூப் டிவி. விசிடி போட்டால் படமும் பாட்டும் அருமையாக வருகின்றன. ஆன்டெனாவை மாட்டினால் எல்லா அலைவரிசையிலும் புள்ளிகளும் இரைச்சலும்தான். கன்வெர்ட்டர் பாக்ஸ் வாங்கினால் சரியாகுமா? சும்மா கிடக்கும் பழைய டிஷ் பெட்டியையே இதற்குப் பயன்படுத்தக் கூடாதா?

பதில்: சரியாகும். விசிடி ஒழுங்காக ஓடுகிறது என்றால் திரை, ஒலி, மின்வழங்கி எல்லாமே நலம் என்று பொருள். டிவிக்குள் இருக்கும் ட்யூனர் என்ற சிறு பகுதிக்கு மட்டும் வேலை போய்விட்டது. அது அனலாக் அலையை மட்டுமே படமாக்கத் தெரிந்தது. கன்வெர்ட்டர் பாக்ஸ் அந்த இடத்தில் உட்கார்ந்து, ஆன்டெனாவில் வரும் டிஜிட்டல் அலையைப் பிடித்து, சுருக்கி அனுப்பப்பட்ட படத்தை விரித்து, பழைய டிவிக்குப் புரியும் அனலாக் படமாக மாற்றிக் கொடுக்கும். டிவியைப் பொறுத்தவரை அது இன்னொரு விசிடி பிளேயர், அவ்வளவுதான். அலைவரிசை மாற்றுவது இனிமேல் பாக்ஸின் ரிமோட்டில். டிவி ஏவி நிலையிலேயே, அதாவது விசிடி பார்க்கும் நிலையிலேயே, நிற்கும்.

எச்டி அலைவரிசையையும் பாக்ஸ் பிடிக்கும், ஆனால் திரையில் எச்டி தெரியாது. 720 அல்லது 1080 வரியில் வரும் படத்தை, பிஏஎல் (இந்தியா போன்ற நாடுகளின் அனலாக் பட முறை) டிவிக்கு 576 வரியாகவும் என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) டிவிக்கு 480 வரியாகவும் குறைத்தே அது தரும். அப்படிக் குறைத்த படமும் பழைய அனலாக் ஒளிபரப்பைவிடத் தெளிவாகவே இருக்கும். நிழல் படமும் புள்ளிகளும் அதில் வர வழியில்லை.

டிஷ் பெட்டி இதற்கு உதவாது. டிஷ், கேபிள், தரைவழி ஆன்டெனா மூன்றும் அலையை மூன்று வேறு முறைகளில் கட்டி அனுப்புகின்றன. டிவிபி-எஸ் என்றால் செயற்கைக்கோள், டிவிபி-சி என்றால் கேபிள், டிவிபி-டி என்றால் தரைவழி. டிஷ் பெட்டியின் திருகு முனையில் ஆன்டெனா கேபிள் அழகாகப் பொருந்தும், அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த முனையிலிருந்து டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி என்ற அலைவாங்கிக்காக 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் வேறு வெளியே வரும். வீட்டு ஆன்டெனாவில் பூஸ்டர் இருந்தால் அதைக் கெடுத்தும்விடலாம். மாட்டிப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கன்வெர்ட்டர் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் சரியாக இணைத்தும் ஸ்கேன் முடிவில் அலைவரிசை பூஜ்யம். பாக்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, நாடு மாறிவிட்டது. அமெரிக்கா, கனடா, தென்கொரியா ஆகியவை ஏடிஎஸ்சி என்ற முறையைப் பின்பற்றுகின்றன. ஜப்பான், பிரேசில், பிலிப்பைன்ஸ் ஆகியவற்றில் ஐஎஸ்டிபி-டி. இந்தியாவில் தூர்தர்ஷனும், சிங்கப்பூர், மலேசியா ஒளிபரப்புகளும் டிவிபி-டி2. ஒரு முறைக்கான பாக்ஸ் இன்னொரு முறையின் அலையை அலையென்றே அறியாது. மென்பொருளைப் புதுப்பித்தும் பயனில்லை, உள்ளிருக்கும் சிப்பே வேறு.

அமெரிக்காவில் முழு ஆற்றல் அனலாக் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று நின்றன. அதையொட்டி அந்நாட்டு அரசு வீட்டுக்கு இரண்டு வரை 40 டாலர் கூப்பன் கொடுத்தது. அந்தக் கூப்பனுக்கு விற்ற பாக்ஸ்கள்தான் இன்றும் பரண்களிலிருந்து இறங்கி ஊர் ஊராகப் பயணம் போகின்றன. அவை என்டிஎஸ்சி படம் தருபவை, டிவியின் ஆன்டெனா துளைக்குக் கொடுக்கும் ஆர்எஃப் வெளியீடு சேனல் 3 அல்லது 4, திட்டத்தின் விதிப்படி எச்டிஎம்ஐ கிடையாது. அடாப்டரில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகியதுமே புகைந்துவிடும். 100–240 என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே இரண்டுக்கும் பொருந்தும்.

டிவிபி குடும்பத்துக்குள்ளும் கவனம் தேவை. வெறும் டிவிபி-டி என்று எழுதிய பாக்ஸ் டிவிபி-டி2 அலையைப் பிடிக்காது. டி2 பாக்ஸ் பழைய டி அலையையும் பிடிக்கும். இது ஒரு வழிப் பாதை. அடுத்தது படத்தைச் சுருக்கும் முறை: எம்பெக்-2, எச்.264, எச்இவிசி என்று மூன்று தலைமுறைகள் உண்டு. பாக்ஸுக்குத் தெரியாத முறையில் படம் வந்தால் அலைவரிசையின் பெயர் பட்டியலில் வரும், ஒலிகூட கேட்கும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். ஜெர்மனி 2017இல் டிவிபி-டி2வுக்கும் எச்இவிசிக்கும் ஒருசேரப் போனபோது அங்கே பழைய டிவிபி-டி பாக்ஸ்கள் பயனற்றுப் போயின. வாங்கும் முன் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் இந்த இரண்டு வரிகளையும், அதாவது ஒளிபரப்பு முறையையும் படச் சுருக்க முறையையும், உங்கள் நாட்டு ஒளிபரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற எழுத்தெல்லாம் பிறகு.

கேள்வி: டிவியின் பின்னால் ஆன்டெனா துளை ஒன்றுதான் இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இல்லை. பாக்ஸில் "ஆர்எஃப் அவுட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதிலிருந்து டிவிக்குக் கேபிள் கொடுத்தேன். டிவியில் எத்தனை முறை தேடினாலும் பாக்ஸின் படம் வரவில்லை.

பதில்: பல டிவிபி-டி2 பாக்ஸ்களில் அந்தத் துளை ஒரு சந்து வழி மட்டும்தான். ஆன்டெனாவில் வந்த அலை பாக்ஸுக்குள் போய், ஒரு கிளை அப்படியே அந்தத் துளை வழியே வெளியேறும். இரண்டாவது பாக்ஸுக்கோ டிஜிட்டல் டிவிக்கோ கொடுப்பதற்காக வைத்தது. அதில் பாக்ஸ் மாற்றிய படம் இருக்காது. சில பாக்ஸ்களில் அதையே "லூப்" என்று ஒழுங்காக எழுதியிருப்பார்கள். எழுதாதவைதான் குழப்புகின்றன.

கண்டுபிடிக்கச் சுலப வழி உண்டு. பாக்ஸின் மெனுவில் "ஆர்எஃப் சேனல்" என்று 21 முதல் 69 வரை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வரியோ, பாக்ஸின் பின்புறம் 3/4 என்ற சிறு சுவிட்சோ இருந்தால் உள்ளே மாடுலேட்டர், அதாவது பாக்ஸ் மாற்றிய படத்தை டிவியின் ஆன்டெனா துளைக்குப் புரியும் அலையாக்கும் பகுதி, இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் மாடுலேட்டர் இல்லை.

இல்லாத பாக்ஸுக்குத் தனி ஆர்எஃப் மாடுலேட்டர் வாங்க வேண்டும். கைக்கடக்கமான சிறு பெட்டி. பாக்ஸின் மஞ்சள் பின் அதன் வீடியோ துளைக்கு, வெள்ளை அதன் ஆடியோ துளைக்கு, அதன் வெளியீடு டிவியின் ஆன்டெனா துளைக்கு. மாடுலேட்டரில் ஏதாவது ஒரு யுஎச்எஃப் எண்ணை, உதாரணமாக 36ஐ, வையுங்கள். பாக்ஸின் மெனு திரையில் இருக்கும் நிலையிலேயே டிவியின் யுஎச்எஃப் பகுதியை மெல்லத் தேடுங்கள். மெனு தெரிந்ததும் ஒரு பட்டனில் சேமித்துவிடுங்கள். அதற்குப் பிறகு டிவியில் அந்த ஓர் எண் போதும். படத்தின் மேல் சாய்ந்த கோடுகள் ஓடினால் அந்த எண்ணில் வேறு அலை குறுக்கிடுகிறது. மாடுலேட்டரை மூன்று நான்கு எண் தள்ளி வைத்து மறுபடி தேடுங்கள்.

இந்த இணைப்பில் அடிக்கடி வரும் குறை: படம் பளிச்சென்று இருக்கும், ஒலி மட்டும் கரகரக்கும் அல்லது வரவே வராது. படத்துக்கும் ஒலிக்கும் இடையே டிவி எதிர்பார்க்கும் இடைவெளி வேறு, மாடுலேட்டர் விடும் இடைவெளி வேறு என்பதே காரணம். பி/ஜி என்ற அனலாக் ஒளிபரப்பு முறையில் அது 5.5 மெகாஹெர்ட்ஸ். ஐ முறையில் 6.0, டி/கே முறையில் 6.5, அமெரிக்க எம் முறையில் 4.5. மாடுலேட்டரில் இதற்கான சுவிட்சோ மெனு வரியோ இருக்கும். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளுக்காகச் செய்த டிவிகளுக்கு பி/ஜி. பிரிட்டனிலிருந்து வந்த டிவிக்கு ஐ. ஃபைன் ட்யூனிங்கைத் திருகித் திருகிச் சலிப்பதற்கு முன் இதை ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.

ஆன்டெனா துளையே இல்லாமல் இரண்டு திருகாணிகள் மட்டும் இருக்கும் மிகப் பழைய டிவிகளுக்கு 75 ஓம் கேபிளை நேராகச் சுற்றக் கூடாது. 75 – 300 ஓம் பாலன் என்ற கட்டைவிரல் அளவு மாற்றி கிடைக்கும், அதை இடையில் போடுங்கள். ஆர்எஃப் வழியே போனால் ஒலி பெரும்பாலும் மோனோதான். ஒரே ஸ்பீக்கர் உள்ள டிவியில் அதனால் இழப்பு ஏதும் இல்லை.

கேள்வி: என் பாக்ஸில் மூன்று துளைகளுக்குப் பதில் இயர்போன் போன்ற ஒரே துளைதான் ஏவி வெளியீடு. அதற்குரிய கேபிள் தொலைந்துபோனதால் கேம்கார்டரின் கேபிளைப் போட்டேன். "உர்" என்ற ஓசைதான் வருகிறது, படமில்லை. நண்பர் வீட்டில் வேறு கேபிள் போட்டதற்குப் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

அந்த 3.5 மில்லிமீட்டர் பின்னில் மூன்று கறுப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும். இரண்டு ஒலிக்கு, ஒன்று வீடியோவுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு (மற்ற மூன்றுக்கும் பொதுவான திரும்பு முனை). எந்தப் பகுதி எதற்கு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள், பொது விதி இல்லை. கிரவுண்டின் இடம் ஒத்துப்போய், மற்றவை இடம் மாறியிருந்தால் கவலையில்லை. டிவியின் மஞ்சள் துளையில் முதலில் சிவப்புப் பின்னை, பிறகு வெள்ளைப் பின்னைச் செருகிப் பாருங்கள், ஏதோ ஒன்றில் படம் வந்துவிடும். நிறத்தை மறந்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம். கிரவுண்டே இடம் மாறியிருந்தால் நீங்கள் சொன்ன "உர்" ஓசை வரும், எந்தப் பின்னை மாற்றினாலும் படம் வராது. மல்டிமீட்டர் இருந்தால், கேபிளின் மஞ்சள் பின்னுடைய வெளி வளையத்திலிருந்து 3.5 பின்னின் நான்கு பகுதிகளுக்கும் தொடர்ச்சி பார்த்து, கிரவுண்டு எங்கே என்று கண்டுகொள்ளலாம். புதிதாக வாங்கும்போது பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போய்ச் செருகிப் பார்த்து வாங்குவதே நல்லது.

கறுப்பு வெள்ளைப் படம் கேபிளின் குற்றமல்ல. பாக்ஸ் என்டிஎஸ்சியில் அனுப்புகிறது, டிவி பிஏஎல் எதிர்பார்க்கிறது, அல்லது இதற்கு நேர்மாறு. மெனுவில் "டிவி சிஸ்டம்" என்ற இடத்தில் பிஏஎல் வையுங்கள். "ஆட்டோ" என்று விட்டால் சில பாக்ஸ்கள் அலைவரிசைக்கு அலைவரிசை மாற்றிக்கொண்டே இருக்கும். படம் கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே போனாலும் இதே காரணம்தான்: பிஏஎல் நொடிக்கு 50 முறை திரையை வரைகிறது, என்டிஎஸ்சி ஏறத்தாழ 60 முறை. உருளும் படத்தில் மெனுவைப் படிக்க முடியாவிட்டால், பாக்ஸைத் தற்காலிகமாக எச்டிஎம்ஐ உள்ள புதிய டிவியில் மாட்டி அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். சில ரிமோட்டுகளில் "வி-ஃபார்மட்" அல்லது "டிவி/பிஏஎல்" என்ற பட்டனே இருக்கும், அதை அழுத்தினாலும் மாறும்.

கேள்வி: கையில் இருக்கும் பாக்ஸில் எச்டிஎம்ஐ வெளியீடு மட்டுமே. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற கேபிளை வாங்கினேன். ஒன்றுமே வரவில்லை.

பதில்: வராது. எச்டிஎம்ஐயில் ஓடுவது டிஜிட்டல், மஞ்சள் பின் கேட்பது அனலாக். இடையில் மாற்றும் சிப் இல்லாத வெறும் கேபிளால் எதுவும் நடக்காது. வேண்டியது எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவிக்கு மாற்றும் சிறு பெட்டி. 5 வோல்ட் யுஎஸ்பி மின்சாரம் அதற்குத் தனியாக வேண்டும், பாக்ஸின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுக்கலாம். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்க்க அச்சு அசலாக இப்படியே இருக்கும், ஆனால் தலைகீழாக வேலை செய்யாது. மேலே "இன்புட்" என்ற சொல் எச்டிஎம்ஐ துளையருகே இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் உள்ள பிஏஎல்/என்டிஎஸ்சி சுவிட்சையும் டிவிக்கு ஏற்றபடி தள்ளிவிடுங்கள்.

கேள்வி: முன்பு புள்ளி புள்ளியாகவாவது ஏதோ தெரியும். இப்போது பாக்ஸ் போட்ட பிறகு சில அலைவரிசைகள் கண்ணாடி போல் இருக்கின்றன, சில கட்டம் கட்டமாக உடைந்து நிற்கின்றன, சில வரவே இல்லை. பூஸ்டர் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. பாக்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். எங்களுக்கு வரும் கடிதங்களில் பாக்ஸின் மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் உரியது. அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அனலாக் அலை பலவீனமானால் படம் சிறிது சிறிதாக மங்கும். டிஜிட்டலில் அந்த மங்கல் கிடையாது. பிழைகளைத் திருத்திக்கொள்ளும் எல்லைக்குள் அலை இருக்கும்வரை படம் முழுத் தெளிவு. எல்லைக்குக் கீழே ஒரு நூலிழை போனாலும் படம் உடையும், உறையும், கறுத்துவிடும். அந்த எல்லையருகே நிற்கும் வீட்டில்தான் பகலில் வந்த அலைவரிசை இரவில் வராது, மழையில் வராது, வாசலில் வண்டி நின்றால் வராது.

முதலில் பாக்ஸின் "இன்ஃபோ" பட்டனை ஒன்றிரண்டு முறை அழுத்துங்கள். பலம், தரம் என்று இரண்டு பட்டைகள் வரும். பலம் குறைந்து தரமும் குறைந்திருந்தால் அலை போதவில்லை. பலம் நிறைந்திருந்து தரம் மட்டும் குதித்துக்கொண்டிருந்தால், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலையோ, வேறு குறுக்கீடோ, அளவுக்கு மிஞ்சிய பெருக்கமோதான் காரணம். பூஸ்டர் போட்டு மோசமானது என்கிறீர்கள். உங்கள் வீட்டில் இந்த இரண்டாவது நிலை இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஆன்டெனாவின் கம்பிகளை அளந்து பாருங்கள். ஒரு கம்பியின் நீளம் அது பிடிக்கும் அலையின் நீளத்தில் ஏறத்தாழ பாதி. பழைய விஎச்எஃப் கீழ்ப்பட்டைக்கான ஆன்டெனாவில், அதாவது 55 மெகாஹெர்ட்ஸ் பக்கம், கம்பி இரண்டரை மீட்டரைத் தாண்டும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு முக்கால் மீட்டர். டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலும் நடக்கும் யுஎச்எஃப் பகுதியில், 500 மெகாஹெர்ட்ஸுக்கு 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கூரையில் நீளக் கம்பிகள் மட்டுமே இருந்தால் அது இப்போதைய ஒளிபரப்பில் பெரும்பகுதிக்கு உதவாத ஆன்டெனா. சாண் அளவுக் கம்பிகள் வரிசையாக உள்ள யாகி அல்லது லாக் பீரியாடிக் ஆன்டெனா வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் சில டிஜிட்டல் நிலையங்கள் விஎச்எஃப் மேல்பட்டையிலும் உள்ளன. அங்கே இரண்டையும் பிடிக்கும் ஆன்டெனா தேவை.

திசை திருப்பும்போது அவசரம் கூடாது. அனலாக்கில் ஆன்டெனாவைத் திருப்பத் திருப்பவே படம் மாறியது. டிஜிட்டல் பாக்ஸ் அலையைப் புரிந்துகொண்டு பட்டையில் காட்ட இரண்டு மூன்று நொடி எடுக்கும். ஒரு கையளவு திருப்புங்கள், ஐந்து நொடி பொறுங்கள், பட்டையைப் பாருங்கள். தரம் அதிகபட்சமாக உள்ள இடத்தில் நிறுத்துங்கள், பலம் அங்கே சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. ஒளிபரப்புக் கோபுரத்தின் அலை கிடைமட்டமா செங்குத்தா என்பதும் முக்கியம். அருகில் உள்ள வீடுகளின் ஆன்டெனாக் கம்பிகள் படுத்திருக்கின்றனவா நின்றிருக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி கேபிள். நல்ல ஆர்ஜி-6 கோஆக்சியல் கேபிளே 30 மீட்டர் நீளத்தில் யுஎச்எஃப் அலையில் சுமார் 5 டெசிபலை (அலையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) தின்றுவிடும். மெலிந்த பழைய கேபிள் இன்னும் அதிகம் தின்னும். வெயிலில் உறை வெடித்து, மழைநீர் பின்னலுக்குள் இறங்கியிருந்தால் கணக்கே இல்லை. முனையை ஒரு சாண் வெட்டிப் பாருங்கள். செம்புப் பின்னல் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் கேபிளை முழுதாக மாற்றுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை இடத்திலும் அலை கசியும். திருகி மாட்டும் எஃப் கனெக்டர் போட்டு இணையுங்கள். வெளியே உள்ள இணைப்புக்குத் தண்ணீர் இறங்காத ரப்பர் டேப் சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பாக்ஸுக்கு வராது.

ஸ்ப்ளிட்டர் இருந்தால் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். இரண்டாகப் பிரிப்பது ஒவ்வொரு கிளையிலும் மூன்றரை டெசிபல் அளவு இழப்பு, நான்காகப் பிரிப்பது ஏழுக்கும் மேல். பயன்படாத கிளை திறந்து கிடக்கக் கூடாது, 75 ஓம் மூடி போட வேண்டும்.

பூஸ்டருக்கு இப்போது வருவோம். அது கேபிளில் போகும் இழப்பை ஈடுகட்டும் கருவி. ஆன்டெனாவில் இல்லாத அலையை உண்டாக்காது. அதனால் அதன் இடம் கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்கு அருகே. டிவியின் பின்னால் வைத்தால், வரும் வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். கோபுரத்துக்கு அருகில் உள்ள வீட்டில் பூஸ்டர் போட்டால் பாக்ஸின் ட்யூனர் திக்குமுக்காடி, நன்றாக வந்த அலைவரிசையும் போய்விடும். அங்கே தேவை நேர்மாறானது: அலையை 10 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டர். இன்னொன்று, முன்பு டிவிக்கு இருந்த 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளைப் பல நாடுகளில் செல்போன் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். 470 முதல் 862 வரை பெருக்கும் பழைய பூஸ்டர் பக்கத்துச் செல்போன் கோபுரத்தையும் சேர்த்துப் பெருக்கி உள்ளே தள்ளும். செல்போன் அலையைத் தடுக்கும் எல்டிஇ ஃபில்டர் ஒன்றைப் பூஸ்டருக்கு முன்னால் போட்டால் தீரும்.

கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் போகிறதா என்றும் பாருங்கள். பல டி2 பாக்ஸ்களில் "ஆன்டெனா பவர்" என்ற வரியை இயக்கினால் கேபிள் வழியே 5 வோல்ட் போகும். 12 வோல்ட் கேட்கும் பூஸ்டருக்கு அது போதாது, அதன் சொந்த அடாப்டர் வேண்டும். மின்சாரம் இல்லாத பூஸ்டர் அலைக்குத் தடைச்சுவர். பூஸ்டரே இல்லாத சாதாரண ஆன்டெனாவுக்கு அந்த வரியை அணைத்தே வையுங்கள். மடித்த கம்பி அமைப்புள்ள ஆன்டெனாக்கள் மின்சாரத்துக்கு நேரடிக் குறுக்கிணைப்பாகத் தெரியும், பாக்ஸ் "ஆன்டெனா ஷார்ட்" என்று எச்சரிக்கும்.

இவ்வளவும் செய்து, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் உடைகிறது என்றால் வீட்டில் அப்போது எந்த எல்இடி விளக்கு, எந்த சார்ஜர் எரிகிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். தரமற்ற மின்சுற்று கொண்ட விளக்கு ஒன்றே ஓர் அலைவரிசையைச் சாய்த்துவிடும்.

கேள்வி: படம் திரையின் நடுவில் தபால் அட்டை போலச் சிறுத்து, நாலாபுறமும் கறுப்பாக இருக்கிறது.

பதில்: இரண்டு முறை சுருங்கியிருக்கிறது. 4:3 (அகலம் 4, உயரம் 3 என்ற அளவு) நிகழ்ச்சியை நிலையம் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை சேர்த்து 16:9 ஆக அனுப்புகிறது. பாக்ஸ் அதை உங்கள் 4:3 திரையில் அடக்க மேலும் கீழும் பட்டை சேர்க்கிறது. ரிமோட்டில் "ஆஸ்பெக்ட்" அல்லது "ஜூம்" பட்டனை அழுத்தி, ஓரங்களை வெட்டித் திரையை நிரப்பும் பேன்-ஸ்கேன் நிலைக்கு வாருங்கள். செய்தி அலைவரிசைகளில் ஓரத்து எழுத்து வெட்டுப்படும், அவற்றுக்கு மேலும் கீழும் பட்டை விடும் லெட்டர்பாக்ஸ் நிலை சரி. முதலில் மெனுவில் திரையின் வகை 4:3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது 16:9 என்று இருந்தால் மனிதர்கள் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள்.

கேள்வி: படம் நன்றாக வருகிறது. ஆனால் நாடகத்தில் பாத்திரங்கள் பேசும் இடைவெளியில் யாரோ "அவர் கதவைத் திறக்கிறார்" என்று விவரித்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னோர் அலைவரிசையில் ஒலியே இல்லை.

பதில்: முதலாவது, பார்வையற்றோருக்கான விவரிப்பு ஒலித்தடம். பாக்ஸின் ரிமோட்டில் "ஆடியோ" பட்டனை அழுத்தினால் அடுத்த தடத்துக்கு மாறும். மறுபடி திரும்பி வந்தால் மெனுவில் "ஆடியோ டிஸ்கிரிப்ஷன்" வரியை அணையுங்கள். இரண்டாவதற்கும் முதலில் அதே பட்டனைச் சோதியுங்கள். எல்லாத் தடத்திலும் மௌனம் என்றால் அந்த நிலையம் அனுப்பும் டால்பி ஒலியைப் பாக்ஸ் விரிக்கவில்லை. மெனுவில் டிஜிட்டல் ஆடியோ "ரா" (விரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று இருந்தால் "பிசிஎம்" (விரித்து அனுப்புவது) என்று மாற்றுங்கள்.

கேள்வி: விசிஆரில் பதிவு செய்ய முடியுமா? ஒரே பாக்ஸை இரண்டு டிவிக்குக் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் முடியும், அளவோடு. ஆன்டெனா பாக்ஸுக்கு, பாக்ஸின் ஏவி வெளியீடு விசிஆரின் ஏவி உள்ளீட்டுக்கு, விசிஆரின் வெளியீடு டிவிக்கு. விசிஆரின் டைமரில் அலைவரிசை எண்ணுக்குப் பதில் "ஏவி" அல்லது "எல்1" என்று வையுங்கள். விசிஆரால் பாக்ஸை இயக்க முடியாது என்பதை மறந்துவிட்டால் ஒரு மணி நேரக் கறுப்புத் திரைதான் நாடாவில் பதிவாகியிருக்கும். பாக்ஸின் சொந்த டைமரிலும் அதே நேரத்தைப் பதிந்து, விசிஆர் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பாக அது விழிக்கும்படி வையுங்கள். சில மணி நேரம் ரிமோட் தொடாவிட்டால் தானே அணைந்துவிடும் அமைப்பும் பாக்ஸில் இருக்கும், அதையும் நிறுத்திவிடுங்கள். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய இரண்டு பாக்ஸ் தேவை.

இரண்டு டிவிக்கும் ஒரே படம் போதும் என்றால் மாடுலேட்டரின் வெளியீட்டை ஸ்ப்ளிட்டரில் பிரித்துக் கொடுக்கலாம். ஆளுக்கு ஓர் அலைவரிசை வேண்டுமென்றால் ஆன்டெனாக் கேபிளைப் பிரித்து, டிவிக்கு ஒரு பாக்ஸ் வையுங்கள்.

கேள்வி: பாக்ஸ் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு தானே அணைந்து மறுபடி தொடங்குகிறது.

பதில்: முதல் சந்தேகம் அடாப்டர் மீது. அதற்குள் இருக்கும் கப்பாசிட்டர் காய்ந்துபோனால், சும்மா அளக்கும்போது வோல்ட் சரியாகக் காட்டும், சுமை ஏறியதும் சரியும். அதனால் பாக்ஸ் ஓடும்போதே அளக்க வேண்டும். அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். 5 வோல்ட் பாக்ஸுக்கு 12 வோல்ட் அடாப்டரின் பின் அளவு பொருந்திவிடும், பாக்ஸ் பிழைக்காது. நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்ற படத்தையும் ஒப்பிடுங்கள். அடாப்டர் சரியென்றால் வெப்பம். பாக்ஸை டிவியின் மேலிருந்து இறக்கிவிடுங்கள். டிவியின் காற்றுத் துளைகளிலிருந்து எழும் சூடு முழுவதும் அதன் அடியில்தான் முட்டுகிறது.

கேள்வி: ஆன்டெனா துளை மட்டுமே உள்ள டிவியின் பின்மூடியைக் கழற்றி, மஞ்சள் துளை ஒன்றை உள்ளே இணைத்துவிட்டால் மாடுலேட்டர் செலவு மிச்சம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். ஏவி துளை இல்லாமல் வந்த பழைய டிவிகள் பலவற்றில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே மின் இணைப்போடு நேராகச் சேர்ந்திருக்கும். துளை வைக்காமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆன்டெனா துளைக்கும் சட்டத்துக்கும் இடையே மட்டும் பாதுகாப்புக் கப்பாசிட்டர்கள் வைத்து மின்சாரத்தைத் தடுத்திருப்பார்கள். நீங்கள் இணைக்கும் மஞ்சள் துளையில் அந்தத் தடுப்பு இருக்காது. பிளக்கைத் திருப்பிச் செருகிய அன்று, அந்தத் துளையும் கேபிளும் பாக்ஸின் உலோகப் பகுதிகளும் ஆன்டெனாவும் வீட்டு மின்சாரத்தில் இருக்கும். கூரையில் ஆன்டெனாவைப் பிடித்துத் திருப்புபவருக்கு அது தெரியாது.

பின்மூடிக்குள் இன்னொரு ஆபத்தும் உண்டு. வண்ணப் பிக்சர் ட்யூபின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ட்யூபே ஒரு கப்பாசிட்டர் போல வேலை செய்வதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். மின்சாரத்தைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிவியா என்று சுற்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த டிவி மெக்கானிக் மட்டுமே அந்த மூடியைக் கழற்றலாம். மற்றவர்களுக்கு மாடுலேட்டர்தான் வழி. அது ஆன்டெனா துளை வழியே, அந்தப் பாதுகாப்புக் கப்பாசிட்டர்களுக்கு வெளியிலேயே நின்று வேலை செய்கிறது.